கண்ணீர் கைதிக்கு! ஆதாயம் யாருக்கு?

ஒரு நடிகர் முதன்முறையாகப் படம் இயக்க வருகிறார். எந்தக் கதையை வேண்டுமானாலும் எடுக்கலாம். இந்தி நடிகர் ரந்தீப் ஹூடா எடுத்ததோ சாவர்க்கரின் கதையை!

'ஸ்வதந்த்ர வீர் சாவர்க்கர்' என்ற அந்தப் படம் 2024 மார்ச் 22 அன்று இந்தியிலும் மராத்தியிலும் வெளியானது. முதலில் மகேஷ் மஞ்ச்ரேக்கர்தான் இயக்குவதாக இருந்தது. அவர் விலகிக்கொண்டார். கதாநாயகனாக நடிக்க வந்தவரே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். கதையிலும் தயாரிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆக, படத்தில் இருக்கும் நல்லதும் கெட்டதும் முழுக்க முழுக்க அவர் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் இந்தப் படம் வசூலில் ஒன்றும் சாதித்துவிடவில்லை. 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' (2022), 'தி கேரளா ஸ்டோரி' (2023) படங்களுக்குக் கூடிய கூட்டம் இதற்குக் கூடவில்லை. 'ஓடாத படத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு?' என்று நம் வணிகச் சகோதரர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி! ஆனால் 2024 நவம்பரில் கோவாவில் மத்திய அரசு நடத்திய சர்வதேசத் திரைப்பட விழாவில், இந்தியன் பனோரமா பிரிவின் தொடக்கப் படம் இதுதான். அதற்கு முன்பே, 2024 மே 28-ல், அதாவது சாவர்க்கரின் பிறந்த நாளில், ஜீ5 வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து இறங்கிவிட்டது. தியேட்டரில் காற்று வாங்கிய காட்சிகள் துண்டு துண்டாக நம் பிள்ளைகளின் செல்போனில் ஓடின.

எனவே படத்தை விட, அதைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதே நமக்கு முக்கியம்.

அழுதவன் யார்?

பத்திரிகை விமர்சகர்களில் பலர் 'நடிப்பு அபாரம், சரித்திரம் ஒருதலைப்பட்சம்' என்று எழுதிவிட்டு அடுத்த படத்திற்குப் போய்விட்டார்கள். சங்பரிவார ஆதரவாளர்கள் கொண்டாடினார்கள். அவர்கள் கொண்டாடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்! இந்த இரண்டு கூட்டத்தையும் விட்டுவிடுங்கள்.

நாம் கவனிக்க வேண்டிய ஆள் வேறொருவன். எந்தக் கட்சியிலும் இல்லாதவன். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து உள்ளே போனவன். உடல் எடையைப் பெருமளவு குறைத்து எலும்பும் தோலுமாக நிற்கும் ஹூடாவைத் திரையில் பார்க்கிறான். விலங்கு, இருட்டு அறை, சவுக்கு, செக்கு. கண் கலங்குகிறது. வெளியே வரும்போது அவன் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "இவ்வளவு கொடுமையை அனுபவித்த மனிதரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லையே!"

இவன் நம் எதிரி அல்ல. நம் கடைக்கு வரும் வாடிக்கையாளன், நம் பிள்ளையோடு கல்லூரியில் படிப்பவன். இவனுக்கு நாம் என்ன பதில் சொன்னோம்?

நம் இளைஞர்கள் சொன்ன பதில் அனைவரும் அறிந்ததே. 'மன்னிப்புக் கடிதம்!' அத்தோடு சிரிப்பு, கேலிச் சித்திரம். அழுதுவிட்டு வந்தவனிடம் சிரித்துக் காட்டினால் அவன் யார் பக்கம் போவான்? கொஞ்சம் யோசிக்க வேண்டும் தம்பிகளே!

சாவர்க்கர் கருணை மனு எழுதினார் என்பது அரசாங்க ஆவணங்களில் இருக்கும் உண்மை. 1911-லேயே முதல் மனு போய்விட்டது. 1913 நவம்பரில் எழுதிய மனுவில் வழிதவறிய மகன் பெற்றோரிடம் திரும்பி வருவதைப் போல அரசாங்கத்திடம் வருவதாக உருகியிருக்கிறார். அதன் பிறகும் மனுக்கள் தொடர்ந்தன. இதெல்லாம் சரிதான். ஆனால் அந்தமான் செல்லுலார் சிறை விளையாட்டு இடமல்ல. அங்கே மனிதனை மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும், குறைந்தால் தண்டனை. இந்துபூஷண் ராய் என்ற வங்காள வாலிபர் 1912-ல் அங்கேயே தூக்கில் தொங்கிவிட்டார். உல்லாஸ்கர் தத்துக்குப் புத்தி பேதலித்துப் போனது. அப்படிப்பட்ட நரகத்தில் ஒருவன் 'என்னை விட்டுவிடு' என்று எழுதினால் அதைக் கேலி செய்ய ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு என்ன அருகதை?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. வெளியே வந்த பிறகு அந்த மனிதர் என்ன செய்தார்?

கணக்குத் தெரியாத வசனம்

அதற்கு முன், படத்தின் முன்னோட்டத்தையே கொஞ்சம் உரசிப் பார்த்துவிடுவோம். 2023 மே 28-ல், புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், முன்னோட்டம் வெளியானது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், பகத்சிங், குதிராம் போஸ் ஆகிய மூவருக்கும் உந்துசக்தியாக இருந்தவர் சாவர்க்கர் என்று ஹூடா அப்போது அறிவித்தார்.

குதிராம் போஸ் முசாபர்பூரில் தூக்கிலிடப்பட்டது 1908 ஆகஸ்ட் 11. வயது பதினெட்டு. அப்போது சாவர்க்கர் லண்டனில் சட்ட மாணவர். அவருக்குப் புகழ் தேடித் தந்த 1857 பற்றிய புத்தகம் வெளிவந்தது 1909-ல்! புத்தகம் வருவதற்கு முன்பே கயிற்றில் தொங்கிவிட்ட வங்காளத்துப் பிள்ளைக்கு இவர் எப்படி உந்துசக்தி ஆனார்?

நேதாஜி விஷயத்தில் அவருடைய குடும்பத்துச் சந்திர குமார் போஸே மறுப்புச் சொன்னார். விவேகானந்தரும் தேசபந்து சித்தரஞ்சன் தாசுமே நேதாஜிக்கு வழிகாட்டிகள் என்றார். நேதாஜி 1940-ல் சாவர்க்கரைச் சந்தித்ததைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். உலக நிலவரம் பற்றிய சிந்தனையே அவரிடம் இல்லை, பிரிட்டிஷ் பட்டாளத்தில் இந்துக்களைச் சேர்த்துப் பயிற்சி பெறுவது ஒன்றே அவர் நினைப்பாக இருந்தது என்பது நேதாஜியின் மதிப்பீடு. முஸ்லிம் லீக்கிடமும் எதிர்பார்க்க ஒன்றுமில்லை, இந்து மகாசபையிடமும் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டுத்தான் அவர் நாட்டை விட்டே கிளம்பினார்.

இன்னொரு வசனம். காந்தி மட்டும் அகிம்சையில் பிடிவாதமாக இல்லாதிருந்தால் நாடு 35 ஆண்டுகளுக்கு முன்பே சுதந்திரம் அடைந்திருக்குமாம்! நம் கடையில் கணக்கு எழுதும் பையனிடம் கொடுங்கள். 1947-ல் 35-ஐக் கழித்தால் 1912. காந்தி அப்போது தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அவர் இந்தியாவுக்குத் திரும்பியதே 1915 ஜனவரியில்தான். இல்லாத ஊரில், தொடங்காத அகிம்சைப் போராட்டத்தால், வராத சுதந்திரத்தை அவர் தடுத்தாராம்!

பிரசாரத்துக்கு எதிரான படம் என்று தம் படத்தை ஹூடா சொல்லிக்கொண்டார். கழித்தல் கணக்கில் தேறாத படத்துக்கு இவ்வளவு பெரிய பட்டமா?

பகத்சிங் கதை கொஞ்சம் வேறு. சாவர்க்கரின் 1857 புத்தகத்தைப் பகத்சிங்கின் தோழர்கள் படித்தார்கள், ரகசியமாக அச்சிட்டுப் பரப்பினார்கள் என்று சொல்கிறார்கள். இருக்கட்டும், மறுக்க வேண்டியதில்லை! அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? பைசாபாத் மவ்லவி அஹ்மதுல்லாஹ் ஷாவின் வீரத்தை அதில் புகழ்கிறார் சாவர்க்கர். அஜீமுல்லாஹ் கானின் அறிவைப் புகழ்கிறார். இந்துவும் முஸ்லிமும் தோளோடு தோள் நின்றதைப் பாராட்டுகிறார். பகத்சிங் கூட்டத்தினர் படித்தது அந்தச் சாவர்க்கரை. இன்று ஓட்டுக் கேட்கக் கிளம்பியிருப்பவர்கள் அவரையா காட்டுகிறார்கள்?

இரண்டு செக்குகள்

சகோதரர்களே, செக்கு என்றதும் தமிழனுக்கு யார் ஞாபகம் வருகிறார்? அந்தமான் வரை போக வேண்டாம். கோயம்புத்தூர் சிறைதான் நினைவுக்கு வரும்.

வ.உ.சிதம்பரனாருக்கு 1908-ல் விதிக்கப்பட்டதும் இரட்டை ஆயுள் தண்டனைதான். மேல்முறையீட்டில் அது பின்னர் குறைந்தது. அவரையும் மாடாகச் செக்கில் பூட்டினார்கள். அவர் செய்த குற்றம் என்ன? வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போட்டியாகத் தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஓட்டியது. 1906-ல் தொடங்கிய அந்தச் சுதேசிக் கப்பல் கம்பெனியில் 25 ரூபாய் வீதம் 8,000 பங்குகள் வாங்கி, 2 லட்சம் ரூபாய் போட்டவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். அந்தக் காலத்து 2 லட்சம்! எத்தனை வணிகச் சகோதரர்களுக்கு இந்தப் பெயர் தெரியும்? கையை உயர்த்தச் சொன்னால் மண்டபத்தில் எத்தனை கை எழும்?

சிதம்பரனார் 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கம்பெனி போயிற்று, கப்பல் போயிற்று, கைப்பொருளும் போயிற்று. 1936 நவம்பரில் சாகும் வரை வறுமை விடவில்லை. செக்கிழுத்த அந்த மனிதர் வெளியே வந்து யாரை வெறுத்தார்? கூடவே கப்பல் விட்ட முஸ்லிமை அந்நியன் என்றாரா? அவருடைய கதை 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' என்று படமாக வந்தது. பி.ஆர்.பந்துலு இயக்கம், சிவாஜி கணேசன் நடிப்பு. அதுவும் வெளியானபோது வசூலில் தோற்ற படம்தான்! அந்தச் செக்குக் காட்சியைப் பார்த்து அழுதவர்கள் வெள்ளைக்காரன் மேல் கோபத்தோடு வெளியே வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை.

ஹூடா படத்துச் செக்கைப் பார்த்து அழுதவன் யார் மேல் கோபத்தோடு வெளியே வருகிறான்? சவுக்கால் அடித்தவன் பிரிட்டிஷ் ஜெயிலர். கோபம் மட்டும் காந்தி மேலும் நம் மேலும் விழுகிறது. அழுகையை ஒரு கணக்கில் வரவு வைத்து, இன்னொரு கணக்கில் எடுத்துச் செலவு செய்கிறார்கள். கடை நடத்துகிறவர்களுக்கு இந்த வேலையின் பெயரைச் சொல்லித் தர வேண்டியதில்லை!

அழவைப்பது 1911-ன் கைதி. அறுவடை செய்வது 1923-ன் ஆசிரியர். அந்த ஆண்டில்தான், ரத்னகிரிச் சிறையிலிருந்து எழுதி, 'ஒரு மராட்டியன்' என்ற புனைபெயரில் 'இந்துத்துவம்' நூலை அவர் வெளியிட்டார். இந்த மண்ணைத் தந்தையர் நாடாக மட்டும் கொண்டால் போதாது, புண்ணிய பூமியும் இதுவாகவே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். புண்ணிய பூமி அரேபியாவிலோ பாலஸ்தீனத்திலோ இருப்பவனின் அன்பு இரண்டாகப் பிளந்தது என்று அதில் முத்திரை குத்தினார். மவ்லவி அஹ்மதுல்லாஹ் ஷாவின் புண்ணிய பூமி எங்கே இருந்தது என்று 1909-ல் இவர் கேட்கவில்லையே!

1924 ஜனவரியில் நிபந்தனையோடு விடுதலை. ரத்னகிரி மாவட்டத்தைத் தாண்டக் கூடாது, அரசியல் பேசக் கூடாது. 1929 முதல் வெள்ளை அரசு மாதம் 60 ரூபாய் படியும் கொடுத்தது. ரத்னகிரியில் தீண்டாமைக்கு எதிராகக் கோயில் திறந்தார், அதை மறைக்க வேண்டாம். 1937-ல் தடை நீங்கியதும் இந்து மகாசபையின் தலைவரானார். அதே ஆண்டு அகமதாபாத் மாநாட்டில், இந்தியாவில் இந்து தேசம், முஸ்லிம் தேசம் என இரண்டு இருக்கின்றன என்று முழங்கினார். லாகூர் தீர்மானம் வந்தது 1940 மார்ச்சில். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்! பிரிவினைப் பழி முழுவதையும் நம் தலையில் கட்டுகிறவர்கள் இந்த 1937-ஐ மட்டும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' என்று நாடே எழுந்தபோது, அரசுப் பதவிகளில் இருக்கும் மகாசபைக்காரர்கள் அவரவர் இடத்திலேயே இருங்கள் என்றார். 1943 மார்ச்சில் சிந்து சட்டசபை பாகிஸ்தான் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன் பிறகும் மகாசபை மந்திரிகள் முஸ்லிம் லீக் மந்திரிசபையில் நாற்காலியை விடவில்லை.

1963-ல் மராத்தியில் வெளிவந்த 'ஆறு பொன்னான சகாப்தங்கள்' நூலைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. சிறைப்பட்ட கல்யாண் சுபேதாரின் மருமகளைச் சிவாஜி மகாராஜா மரியாதையோடு திருப்பி அனுப்பினார் என்பது அவருக்குப் பெருமை சேர்க்கும் செய்தி. அதைத் தவறான நற்குணம் என்று கண்டித்தவர் சாவர்க்கர்! படம் பார்த்து அழுத தாய்மார்களில் ஒருவரிடமாவது இதைச் சொல்லியிருக்கிறோமா?

காந்தி கொலை வழக்கில் 1949 பிப்ரவரி 10-ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அப்ரூவரின் வாக்குமூலத்துக்கு வலுவான துணைச் சாட்சியம் இல்லை என்பது காரணம். அந்தத் தீர்ப்பை மதிக்கிறோம். 1966-ல் அவர் இறந்த பிறகு, நீதிபதி கபூர் கமிஷன் 1969-ல் அறிக்கை கொடுத்தது. கிடைத்த தகவல்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், சாவர்க்கரும் அவர் குழுவும் செய்த சதி என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வர இயலாது என்றது அது. படத்தைப் புகழ்பவர்கள் தீர்ப்பை மட்டும் சொல்கிறார்கள். நம்மவர்கள் கமிஷனை மட்டும் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், கேட்பவன் முடிவு செய்துகொள்வான்.

தடை கேட்டால் போதுமா?

'இந்தப் படத்தையெல்லாம் தடை செய்ய வேண்டும்' என்பது நமக்குப் பழகிப்போன கோரிக்கை. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' வந்தபோது தெருவில் இறங்கினோம். தடையும் வந்தது. சில காட்சிகளின் ஒலி நீக்கப்பட்டு பிப்ரவரி 7-ல் படம் வெளியானது. நம் மனக்காயம் நியாயமானது. ஆனால் பார்க்க நினைக்காதவனையும் தியேட்டருக்கு அனுப்பி வைத்ததில் நம் போராட்டத்துக்கும் பங்கு உண்டு. 'கேரளா ஸ்டோரி' விஷயத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. 32,000 பெண்கள் என்ற எண்ணுக்கு ஆதாரம் கேட்டுச் சிலர் விடாமல் வழக்காடினார்கள். அந்த எண்ணுக்கு நம்பகமான தரவு இல்லை என்று படத்திலேயே அறிவிப்புப் போடத் தயாரிப்பாளர்களே உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கல்லெறிந்து கிடைக்காதது காகிதத்தால் கிடைத்தது!

(சினிமா பார்ப்பது கூடுமா கூடாதா என்ற விவாதத்தை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நாம் பார்க்காவிட்டாலும் ஊர் பார்க்கிறது.)

நம் அந்தமான் எங்கே?

அந்தமான் என்றாலே ஒருவர் பெயர்தான் என்று ஆக்கிவிட்டார்கள். 2002-ல் அங்குள்ள விமான நிலையத்துக்கு அவர் பெயர். 2003-ல் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் படம். அதைத் திறந்து வைத்தவர் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம்! எதிர்க்கட்சிகள் அன்று புறக்கணித்தன. 2024-ல் சினிமா.

செல்லுலார் சிறை கட்டப்படுவதற்கு முன்பே அந்தத் தீவில் மண்ணானவர்கள் யார்? 1857 எழுச்சிக்காக நாடு கடத்தப்பட்ட அல்லாமா ஃபள்லுல் ஹக் கைராபாதி 1861-ல் அங்கேயே வஃபாத்தானார். பாட்னாவின் மவ்லானா யஹ்யா அலி 1868-ல் அங்கேயே முடிந்தார். வைஸ்ராய் மேயோ பிரபுவை 1872 பிப்ரவரி 8-ல் குத்திச் சாய்த்தவர் அங்கே கைதியாக இருந்த ஷேர் அலி அஃப்ரீதி. அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கு. மவ்லானா ஜஅஃபர் தானேசரி பதினேழு ஆண்டுகள் அங்கே இருந்து, திரும்பி வந்து தம் கதையை உருதுவில் எழுதினார். 1921 கிளர்ச்சிக்குப் பின் மாப்பிள்ளைமார் கூட்டம் கூட்டமாக அங்கே அனுப்பப்பட்டார்கள். தெற்கு அந்தமானில் மஞ்சேரி, திரூர், வண்டூர் என்று இன்றும் ஊர்கள் இருப்பது அதனால்தான்.

அந்தக் கிளர்ச்சியில் அத்துமீறல்களும் நடந்தன. அதை மூடி மறைக்கத் தேவையில்லை. அதன் தலைவர்களில் ஒருவரான வாரியங்குன்னத் குஞ்ஞஹம்மது ஹாஜியைப் பற்றி மலையாளத்தில் ஒரு படம் 2020-ல் அறிவிக்கப்பட்டது. இயக்குநர் ஆஷிக் அபு, நாயகன் பிருத்விராஜ். 2021-ல் இருவருமே விலகிவிட்டார்கள். தயாரிப்பாளரோடு கருத்து வேறுபாடு என்று காரணம் சொல்லப்பட்டது. அதே 2021-ல், விடுதலைப் போர் தியாகிகள் அகராதியிலிருந்து மலபார் கிளர்ச்சியாளர்கள் 387 பேரின் பெயர்களை நீக்கலாம் என்று இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் குழு பரிந்துரைத்தது. ஒரு பக்கம் படம் எடுக்கிறார்கள், மறுபக்கம் பெயரை அழிக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலை!

அந்த 387-ல் ஒருவர் அலி முஸ்லியார். 1922 பிப்ரவரி 17-ல் அவரைத் தூக்கிலிட்ட இடம் கோயம்புத்தூர் சிறை. சிதம்பரனார் செக்கிழுத்த அதே சிறை! இதை வைத்து நாற்பது பக்கத்தில் ஒரு சிறு நூல், கல்லூரி மாணவன் கையில் கொடுக்கும்படி, நல்ல தமிழில் எழுதி அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? ஒரு கல்யாணத்து மேடை அலங்காரச் செலவில் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கலாம்.

பெருநாள் மலருக்கு விளம்பரம் கேட்டு வாலிபர்கள் கடைக்கு வருவார்கள். கொடுங்கள், மனமுவந்து கொடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: வாழ்த்துப் படங்களும் விளம்பரங்களும் போக, பக்கீர் சேட்டுக்கும் அலி முஸ்லியாருக்கும் உள்ளே எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?